கிளீனும் ஓவர்டிரைவும் ஒரே ஆம்பில்: எந்த ஆம்ப் யாருக்கு?

கிட்டார் ஆம்ப் வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு கிளம்புகிறார்கள்: எத்தனை வாட், எத்தனை சேனல். இரண்டும் தேவையான கேள்விகள்தான். ஆனால் நல்ல கிளீனும் (தெளிவான ஒலி) நல்ல ஓவர்டிரைவும் (கரகரத்து உறுமும் ஒலி) ஒரே பெட்டியிலிருந்து வர வேண்டும் என்றால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. கம்பியை மெதுவாக மீட்டினால் தெளிவாக ஒலித்து, கொஞ்சம் அழுத்தி மீட்டினால் உறுமத் தொடங்கும் இடம் அந்த ஆம்பில் எங்கே வருகிறது? வால்யூம் நாபில் எந்த எண்ணில்? அந்த எண்ணில் வைத்தால் அறை எவ்வளவு அதிர்கிறது?

அந்த இடத்தை விளிம்பு என்று வைத்துக்கொள்வோம். விளிம்புக்கு இந்தப் பக்கம் கிளீன், அந்தப் பக்கம் ஓவர்டிரைவ். கிட்டாரின் வால்யூம் நாபை மட்டும் திருப்பி இரண்டு பக்கமும் போய்வர முடிகிற ஆம்ப்தான் கைக்குள் நிற்கும் ஆம்ப். நீங்கள் வழக்கமாக வாசிக்கும் சத்தத்தில் விளிம்பே வராது என்றால், எவ்வளவு பேர்பெற்ற ஆம்பாக இருந்தாலும் அதில் பாதிதான் உங்களுக்குப் பயன்படும். கீழே ஒவ்வொரு மாடலையும் இந்த ஓர் அளவுகோலை வைத்தே பார்த்திருக்கிறோம்.

கரகரப்பு எங்கே பிறக்கிறது

கம்பியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சிறிய சிக்னல். ட்யூப் (வெற்றிடக் குழாய்) ஆம்பில் அதை முதலில் பெருக்குபவை 12ஏஎக்ஸ்7 என்ற சிறிய ட்யூப்கள். இந்தப் பகுதி ப்ரீஆம்ப். அடுத்து பெரிய பவர் ட்யூப்கள், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் வழியாக ஸ்பீக்கரை ஓட்டுகின்றன. எந்தக் கட்டத்திலும் தாங்கும் அளவுக்கு மேல் சிக்னல் வந்தால் அலையின் உச்சி தட்டையாகிவிடும். காதுக்கு அதுதான் கரகரப்பு.

எந்தக் கட்டத்தில் தட்டையாகிறது என்பதைப் பொறுத்துக் குணம் மாறும். ப்ரீஆம்பில் தட்டையானால் நோட் நீளமாக நிற்கும், சத்தத்தைக் குறைத்து வைத்தும் வாசிக்கலாம். ஆனால் மெதுவான மீட்டலுக்கும் அழுத்தமான மீட்டலுக்கும் உள்ள வித்தியாசம் மங்கிவிடும், மேல் அலைவரிசையில் ஈ மொய்ப்பது போன்ற ஒரு இரைச்சலும் சேரும். பவர் ட்யூபில் தட்டையானால் ஒலி தடிமனாகும், விரலின் ஒவ்வொரு அழுத்தத்துக்கும் உடனுக்குடன் பதில் சொல்லும். ஆனால் அதற்கு ஆம்பை நிறையத் திறக்க வேண்டும். ட்யூப் ரெக்டிஃபையர் (ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் ட்யூப்) உள்ள ஆம்பில் இன்னொன்றும் நடக்கும்: பலமாக மீட்டும் கணத்தில் உள்ளே வோல்டேஜ் சற்று இறங்கி மறுபடி ஏறும். அதனால் நோட்டின் முதல் அடி கொஞ்சம் அமுங்கி, பிறகு விரிந்து வரும். புளூஸ் வாசிப்பவர்கள் இதை விரும்புவார்கள். வேகமாக அடித்து நிறுத்தும் ரிதம் வாசிப்பவர்களுக்கு இதுவே தடையாக இருக்கும்.

கிளீனிலும் ஒரே வகை கிடையாது. ஃபெண்டர் வகை ஆம்புகளின் டோன் சர்க்யூட், நாப்களை எல்லாம் நடுவில் வைத்தாலும், மிட் (நடு அலைவரிசை) பகுதியை நன்றாகக் குறைத்துவிடும். அதனால்தான் அந்தப் பளிச்சென்ற, இடைவெளி விட்ட கிளீன். இந்த டோன் நாப்கள் சேர்ப்பவை அல்ல, எவ்வளவை விடுவது என்று தீர்மானிப்பவை மட்டுமே. ஃபெண்டரின் ட்வின் ரிவெர்ப் ஆம்பில் ட்ரெபிள் (மேல்), மிடில் (நடு), பாஸ் (கீழ்) மூன்றையும் 0-வில் வைத்துப் பாருங்கள், வால்யூம் எங்கே இருந்தாலும் சத்தமே வராது. இதைத் தெரிந்துகொண்டால் இன்னொன்றும் புரியும்: மிடில் நாபைக் கூட்டினால் மிட் மட்டுமல்ல, அடுத்த ட்யூபுக்குப் போகும் மொத்த சிக்னலும் கூடுகிறது, விளிம்பும் சீக்கிரம் வருகிறது.

வாட் கணக்கு

வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபெல்தான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட். எனவே 15 வாட் ஆம்பிலிருந்து 30 வாட்டுக்குப் போனால் சத்தம் இரட்டிப்பாகும் என்று எதிர்பார்க்காதீர்கள். உண்மையில் கூடுவது கிளீனாக நிற்கும் எல்லை. டிரம்ஸோடு வாசிக்கும்போது ஓவர்டிரைவ் மட்டும் போதும் என்றால் 15 வாட் ட்யூப் ஆம்ப் தாராளமாக ஈடுகொடுக்கும். அதே டிரம்ஸுக்கு மேல் கார்டுகள் கிளீனாகக் கேட்க வேண்டும் என்றால் 22 வாட்டே சில இடங்களில் மூச்சு வாங்கும், 40 வாட் தேவைப்படும்.

ஸ்பீக்கரின் திறனையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். செலஸ்டியன் நிறுவனத்தின் கிரீன்பேக் ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டரில் தரும் சத்தம்) 98 டெசிபெல், வின்டேஜ் 30-இன் சென்சிடிவிட்டி 100 டெசிபெல். ஸ்பீக்கரை மட்டும் மாற்றி 3 டெசிபெல் கிடைத்தால் ஆம்பின் வாட் இரண்டு மடங்கானதற்குச் சமம். வீட்டுக்குள் வாசிப்பவர்களுக்கு இது தலைகீழாக உதவும்: சென்சிடிவிட்டி குறைந்த ஸ்பீக்கரைப் போட்டால் அதே விளிம்பு குறைந்த சத்தத்தில் கிடைக்கும்.

ஸ்பீக்கரும் பெட்டியும் ஒலியை எவ்வளவு மாற்றும் என்பதற்கு மார்ஷலின் தொடக்கமே சாட்சி. 1962-இல் வந்த ஜேடிஎம்45, ஃபெண்டர் பாஸ்மேன் 5எஃப்6-ஏ சர்க்யூட்டை ஏறக்குறைய அப்படியே எடுத்துக்கொண்டது. பாஸ்மேன் பின்பக்கம் திறந்த பெட்டியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களோடு ஒலித்தது. மார்ஷலோ மூடிய பெட்டியில் நான்கு 12 அங்குல செலஸ்டியன்களோடு ஒலித்தது. கிட்டத்தட்ட ஒரே வரைபடம், இருவேறு உலகங்கள்.

ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப்

'65 ரீஇஷ்யூ மாடல், அதாவது 1965 ஆம்பின் மறுவெளியீடு. 22 வாட், இரண்டு 6வி6 பவர் ட்யூப், ட்யூப் ரெக்டிஃபையர், ஒரு 12 அங்குல ஸ்பீக்கர், எடை ஏறக்குறைய 19 கிலோ. கிளீனிலிருந்து ஓவர்டிரைவுக்குப் படிப்படியாக இறங்கிப் போகும் பாதை இதில் இருப்பதுபோல் வேறு எதிலும் அவ்வளவு அழகாக இல்லை என்பதே எங்கள் தீர்ப்பு.

ரிவெர்பும் (அறை எதிரொலி) ட்ரெமலோவும் (சத்தம் ஏறி இறங்குவது) உள்ள சேனலின் பெயர் வைப்ரேட்டோ. சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள்) பிக்கப் உள்ள கிட்டாரில் 3 வரைக்கும் நல்ல கிளீன். 4-க்கும் 5-க்கும் நடுவில் விளிம்பு. ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) என்றால் இன்னும் சற்று முன்னாலேயே வந்துவிடும். 6-ஐத் தாண்டினால் சத்தம் அதிகம் கூடாது, கரகரப்பு மட்டும்தான் கூடும். இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். வால்யூம் 3-இல் பாஸ் நாபை 5, 6 என்று வைத்திருப்பார்கள், வால்யூமை ஏற்றும்போது அதைத் தொடமாட்டார்கள். கீழ்க் கம்பிகள் சேறாகக் குழம்பி, பர்பர் என்று உதறும். பாஸ் நாப் சர்க்யூட்டில் முதல் ட்யூபுக்கு அடுத்து, மீதிப் பெருக்கத்துக்கு முன்னால் இருக்கிறது. அதிகமான பாஸ்தான் பின்னால் வரும் ட்யூப்களை முதலில் திணறடிக்கிறது. வால்யூம் 6 என்றால் பாஸ் 2 அல்லது 3 போதும். குறைவாகத் தெரியுமே என்று பயப்பட வேண்டாம், திறந்த ஆம்ப் தானே பாஸைத் தந்துவிடும்.

இரண்டாவது புகார்: "வீட்டில் வைத்தால் காதைக் குத்துகிறது." வைப்ரேட்டோ சேனலின் வால்யூம் நாபில் ட்ரெபிளை மட்டும் குறுக்கு வழியில் விடும் ஒரு சிறிய கெப்பாசிட்டர் இருக்கிறது. வால்யூம் குறைவாக இருக்கும்போது அதன் வேலை மிக அதிகம், ஏற ஏற அது மறைந்துவிடும். ஆகவே வால்யூம் 2-இல் ட்ரெபிளை 4-க்குக் கீழே இறக்குங்கள், அல்லது நார்மல் சேனலில் வாசியுங்கள். அதில் அந்தக் கெப்பாசிட்டர் இல்லை, ரிவெர்பும் இல்லை. சிறு கேபிளால் இரண்டு சேனலையும் இணைத்து வாசிக்கும் பழக்கம் மார்ஷலில் நன்றாக வரும். இதில் வராது. இரண்டு சேனலின் அலைகளும் எதிரெதிராக இருப்பதால் ஒன்றை ஒன்று வெட்டி, ஒலி மெலிந்துவிடும்.

குறைகள்: மிடில் நாப் கிடையாது, எஃபெக்ட்ஸ் லூப் (ப்ரீஆம்புக்கும் பவர் பகுதிக்கும் நடுவில் எஃபெக்ட் செருகும் இடம்) கிடையாது, மாஸ்டர் வால்யூம் (மொத்தச் சத்தத்துக்கான தனி நாப்) கிடையாது. விளிம்பில் வாசித்தால் பக்கத்து அறையில் பேச முடியாது. அடுக்குமாடியில் இருப்பவர்கள் இந்த ஒரு காரணத்துக்காகவே யோசிக்க வேண்டும்.

ட்வின் ரிவெர்பைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 85 வாட், நான்கு 6எல்6, இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், எடை 29 கிலோ. கிளீன் என்றால் இதுதான் இலக்கணம். விளிம்பு என்ற ஒன்று இருக்கிறது, ஆனால் அது வரும் சத்தத்தில் மேடையில் மற்றவர்கள் வாசிக்க முடியாது. ஓவர்டிரைவை முழுக்கப் பெடலிடம் (காலால் இயக்கும் எஃபெக்ட் பெட்டி) ஒப்படைப்பவர்களுக்கு மட்டும்.

டோன் மாஸ்டர்: அதே டீலக்ஸ், ட்யூப் இல்லாமல்

2019-இல் ஃபெண்டர் கொண்டுவந்த டோன் மாஸ்டர் டீலக்ஸ் ரிவெர்ப், அந்த ஒரே ஆம்பை மட்டும் டிஜிட்டலில் செய்து காட்டுகிறது. பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறது: முழு அளவு, 12, 5, 1, 0.5, 0.2 வாட். வால்யூமை 6-இல் வைத்துவிட்டு இந்த சுவிட்சை 0.5-க்கு இறக்கினால், திறந்த டீலக்ஸின் கரகரப்பு பேச்சுச் சத்தத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும். எடை ஏறக்குறைய 10 கிலோ, அசல் டீலக்ஸில் பாதி.

விளிம்பில் நின்று வாசிக்கும்போது, பலமாக அடித்த நோட் அமுங்கி எழும் அந்த உணர்வில் அசலுக்கு ஒரு படி கீழேதான். கிளீனில் வித்தியாசம் சொல்வது கடினம். பழுதானால் ட்யூப் ஆம்பைப் போல ஒரு ட்யூபையோ ரெசிஸ்டரையோ மாற்றித் தீர்க்க முடியாது, முழு போர்டையும் மாற்ற வேண்டியிருக்கும். இருபது வருடம் வைத்திருக்கும் எண்ணம் உள்ளவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் வாசிப்பவர்களுக்கு அசலைவிட இதையே முதலில் சொல்வோம்.

வாக்ஸ் ஏசி15

15 வாட், இரண்டு ஈஎல்84 ட்யூப், கிரீன்பேக் ஸ்பீக்கர் உள்ள ஏசி15சி1 மாடலை எடுத்துக்கொள்வோம். ஃபெண்டரின் கிளீன் கண்ணாடி என்றால் இது வெண்கல மணி. மிட் அப்படியே இருக்கும், அதன் மேல் ஒரு மினுமினுப்பு. இந்தச் சர்க்யூட்டில் நெகட்டிவ் ஃபீட்பேக் (வெளிவரும் சிக்னலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிக் கரகரப்பை அடக்கும் முறை) கிடையாது. ஃபீட்பேக் உள்ள ஆம்ப் கடைசி வரை கிளீனாக நின்று பிறகு திடீரென்று உடையும். இது அப்படியல்ல, தொடக்கத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேறி வரும். அதனால் இதன் விளிம்பு ஒரு கோடு அல்ல, அகலமான பட்டை. வால்யூம் நாபில் இரண்டு மூன்று எண்கள் நீளத்துக்கு அந்தப் பட்டைக்குள்ளேயே வாசிக்கலாம். முழுக் கிளீன், தூசு படாத கிளீன் வேண்டும் என்பவர்களுக்கு இதுவே குறையாகவும் தெரியும்.

டாப் பூஸ்ட் சேனலின் ட்ரெபிளும் பாஸும் ஒன்றையொன்று இழுப்பவை. இரண்டையும் முழுக்க ஏற்றினால் நடுவில் மிட் பள்ளமாகிவிடும், இரண்டையும் 3-க்கு இறக்கினால் மிட் எழுந்து வரும், ஓவர்டிரைவ் சோலோவுக்கு அதுதான் வேண்டும். டோன் கட் என்ற நாப் புதியவர்களை எப்போதும் குழப்பும். அது தலைகீழ் நாப்: ஏற்ற ஏற்ற ட்ரெபிள் குறையும். ஆம்பைத் திறந்து வாசிக்கும்போது மேலே வரும் கூர்மையை மழிக்க இதைப் பாதி வரை ஏற்றுங்கள், ட்ரெபிள் நாபைத் தொட வேண்டியிருக்காது.

மாஸ்டர் வால்யூம் இருப்பதால் வீட்டில் பிழைக்கலாம். மாஸ்டரை மிகவும் கீழே வைத்து டாப் பூஸ்டை ஏற்றினால் வருவது ப்ரீஆம்ப் கரகரப்பு மட்டும், அது கொஞ்சம் ஒல்லியாக இருக்கும். மாஸ்டர் பாதியைத் தாண்டும்போதுதான் ஈஎல்84-கள் பேசத் தொடங்கும். இந்த வகை ஆம்பில் அந்த ட்யூப்கள் கடுமையான சூட்டில் ஓடுகின்றன, அதிகம் வாசிப்பவர்கள் மற்ற ஆம்புகளைவிட அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும். ஆறுதல், கேதோட் பயாஸ் (ட்யூபின் ஓய்வுநிலைக் கரண்டைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு) என்பதால் பொருத்தமான ஜோடி ட்யூபைச் செருகினால் போதும், பயாஸ் சரிசெய்யும் வேலை இல்லை. எஃபெக்ட்ஸ் லூப் இதிலும் இல்லை.

மார்ஷல் டிஎஸ்எல்40சிஆர்

40 வாட், இரண்டு ஈஎல்34. பாதி வாட்டில் ஓடவும் சுவிட்ச் உண்டு. ஓவர்டிரைவ் முதல் தேவை, கிளீன் அடுத்தது என்பவர்களுக்கான ஆம்ப். கெயின் என்பது ப்ரீஆம்பின் பெருக்கம். கிளாசிக் கெயின் சேனலில் கிளீன், கிரஞ்ச் (மிதமான கரகரப்பு) என இரண்டு நிலை, அல்ட்ரா கெயின் சேனலில் இன்னும் இரண்டு நிலை. இந்த நான்கில் தங்கம் என்றால் கிரஞ்ச் நிலைதான். கெயினை 4, 5-இல் வைத்து கிட்டார் வால்யூமை 10-லிருந்து 5-க்கு இறக்கினால் கிளீனாகிறது, சேனல் மாற்றவே வேண்டாம். அல்ட்ரா கெயினின் இரண்டாம் நிலையில் கெயினை 7-க்கு மேல் வைத்தால் எல்லாமே ஒரே சுவராக ஒலிக்கும்.

பெரிய குறை, இரண்டு சேனலுக்கும் சேர்த்து ஒரே டோன் நாப்கள். கிளீனுக்கு ஏற்றபடி ட்ரெபிளை வைத்தால் ஓவர்டிரைவ் கீச்சிடும், ஓவர்டிரைவுக்கு ஏற்றபடி வைத்தால் கிளீன் மந்தமாகும். தீர்வு இருக்கிறது: டோனை ஓவர்டிரைவுக்கு வைத்துவிட்டு, கிளீன் வாசிக்கும்போது கிட்டாரில் பிரிட்ஜ் பிக்கப்புக்கோ இரண்டு பிக்கப் சேர்ந்த நிலைக்கோ மாறுங்கள். எஃபெக்ட்ஸ் லூப் உள்ளது. ப்ரீஆம்ப் கரகரப்புக்குப் பின்னால் டிலே (எதிரொலிப் பெடல்) ஒன்றைச் செருக முடிவதால் எதிரொலிகள் குழம்பாமல் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் கரகரப்பு பவர் ட்யூபில் பிறந்தால் லூப் இருந்தும் பயனில்லை. அது லூப்புக்கும் பின்னால் நடக்கிறது.

ஹாட் ராட் டீலக்ஸ், புளூஸ் ஜூனியர்

ஃபெண்டரின் ஹாட் ராட் டீலக்ஸ் 40 வாட், இரண்டு 6எல்6. கிளீன் சேனல் உறுதியானது, பெடல்களை அருமையாகத் தாங்கும். பழைய பதிப்புகளில் வால்யூம் 1-லிருந்து 2-க்குப் போவதற்குள் சத்தம் தாவிவிடும், மூன்றாம் பதிப்பிலிருந்து நாபின் ஏற்றம் மாற்றப்பட்டது. செகண்ட்ஹேண்டில் வாங்குகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதன் டிரைவ் சேனலைப் பரிந்துரைக்க மனம் வரவில்லை. மேலே இரைச்சல், கீழே வெறுமை. ஒரு நல்ல ஓவர்டிரைவ் பெடல் அந்தச் சேனலைவிடப் பல மடங்கு மேல்.

ஃபெண்டரின் புளூஸ் ஜூனியர் பெயரைப் பார்த்து டீலக்ஸின் தம்பி என்று நினைத்துவிட வேண்டாம். 15 வாட், இரண்டு ஈஎல்84. சின்னப் பெட்டி என்பதால் ஒலி டப்பாவுக்குள் அடைத்தது போல் இருக்கும், பெரிய வெளி கேபினெட்டில் செருகினால் அதே ஆம்பா என்று கேட்கத் தோன்றும். மாஸ்டரைக் குறைத்து வால்யூமை ஏற்றினால் குறைந்த சத்தத்தில் நியாயமான கிரஞ்ச் தரும்.

ட்யூப் இல்லாதவை: ஜேசி-120, கட்டானா

ரோலண்ட் ஜேசி-120 வந்தது 1975-இல். 60 வாட் வீதம் இரண்டு பவர் ஆம்ப், இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர், ஸ்டீரியோ கோரஸ். இதில் விளிம்பே கிடையாது, கடைசி வரை கிளீன். டிஸ்டார்ஷன் நாப் ஒன்று இருக்கிறது, அதை இல்லாததாக நினைத்துக்கொள்வது நல்லது. ட்யூப் ஆம்புக்காகச் செய்த ஓவர்டிரைவ் பெடலை இதில் செருகினால் பல்லைக் கூசவைக்கும். காரணம், கூர்மையை மழித்து அமுக்கித் தரும் பவர் ட்யூப் இங்கே இல்லை. பெடலின் டோன் நாபை 9 மணி நிலைக்கு (கடிகார முள் 9-இல் நிற்பதுபோல்) இறக்குங்கள், அல்லது ஒரு முழு ஆம்பையே ஒத்த ப்ரீஆம்ப் வகைப் பெடலைப் போடுங்கள்.

பாஸ் (Boss) நிறுவனத்தின் கட்டானா-50 பற்றி ஒரு வரியில் சொன்னால்: விளிம்பை வீட்டுச் சத்தத்தில் தரும் எளிய ஆம்ப். வாட் சுவிட்ச் 0.5, 25, 50 என்று மாறும். கிளீன், கிரஞ்ச், லீட் என்று குரல்கள் தனித்தனி. கிரஞ்ச் குரலில் கெயினை நடுவுக்குக் கீழே வைத்தால் விரலுக்கு நன்றாகவே பதில் சொல்கிறது. முதல் ஆம்ப் வாங்குகிறவர்கள் இதைத் தாண்டிப் போக அவசியமில்லை. கணினியில் இணைத்து எஃபெக்ட்ஸை மாற்றும் வசதியில் மூழ்கிவிடாமல், முதல் ஒரு மாதம் முன்னால் இருக்கும் நாப்களோடு மட்டும் பழகுங்கள்.

பெடலை நம்பி வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அதற்கும் வரிசை உண்டு. கிளீன் சரியில்லாத ஆம்புக்குப் பெடலால் கிளீன் தர முடியாது. கிளீன் நன்றாக இருக்கும் ஆம்புக்கு ஓவர்டிரைவைப் பெடலால் தர முடியும். இரண்டில் ஒன்றைத்தான் ஆம்பிடம் கேட்க முடியும் என்றால் கிளீனைக் கேளுங்கள்.

ட்யூப் ஸ்க்ரீமர் வகைப் பெடலுக்கு ஃபெண்டர் ஆம்ப் பொருந்துவதற்கு நேரடிக் காரணம் இருக்கிறது. அந்தப் பெடல் 720 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில் மிட்டைத் தூக்குகிறது, பாஸைக் குறைக்கிறது. ஃபெண்டர் பள்ளம் விட்ட இடத்தை அது நிரப்பிவிடுகிறது. ஆம்பை விளிம்புக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். பெடலின் டிரைவ் 9 மணி, டோன் 12 மணி, லெவல் 2 மணி. பெடல் தானாகக் கரகரப்பதைவிட, ஆம்பின் ட்யூப்களைத் தள்ளிவிடுவதே இங்கே அதன் வேலை. டிரைவை முழுக்க ஏற்றி லெவலைக் குறைத்தால் எந்த ஆம்பில் போட்டாலும் ஒரே ஒலிதான் வரும், ஆம்புக்குக் கொடுத்த காசு வீண். மிட் ஏற்கெனவே நிறைந்த வாக்ஸில் இதே பெடல் மூக்கடைத்ததுபோல் ஒலிக்கலாம். அங்கே மிட்டைத் தூக்காத, வெறும் பூஸ்ட் பெடல் நல்லது.

சோதித்துப் பார்க்கும் முறை

உங்கள் கிட்டாரைக் கொண்டுபோங்கள். பெடல் வேண்டாம், 5, 6 மீட்டருக்கு மேற்படாத ஒரு கேபிள் போதும். கேபிள் நீண்டால் ட்ரெபிள் கரையும். டோன் நாப்கள் எல்லாம் 5-இல், ரிவெர்ப் 0-வில். ரிவெர்ப் குறைகளை மூடி மறைக்கும், அதைக் கடைசியில் போடுங்கள்.

வால்யூம் 2-இல் திறந்த ஈ கார்டை மெதுவாக மீட்டி, முழுக்க அடங்கும் வரை கேளுங்கள். ஒவ்வொரு கம்பியும் தனியாகத் தெரிகிறதா, ஒலி தேயும்போது கடைசியில் ஏதாவது உரசல் ஒட்டிக்கொண்டு வருகிறதா? பிறகு அதே கார்டை, வால்யூமை அரை எண் வீதம் ஏற்றி ஏற்றி, ஒவ்வொரு முறையும் மெதுவாக ஒன்று, பலமாக ஒன்று என வாசியுங்கள். இரண்டும் வேறு வேறு குணமாகும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் விளிம்பு. அந்த எண்ணிலேயே ஆம்பை விட்டுவிட்டு கிட்டார் வால்யூமை 10-லிருந்து 6-க்கு இறக்குங்கள். கரகரப்பு மட்டும் போய், ட்ரெபிள் அப்படியே நின்றால் நல்லது. ட்ரெபிளும் சேர்ந்து போனால் அது பெரும்பாலும் கிட்டாரின் வயரிங்கால் வருவது, ஆம்பைக் குறை சொல்ல வேண்டாம்.

ஓவர்டிரைவில் ஒற்றை நோட் எல்லா ஆம்பிலும் நன்றாகத்தான் இருக்கும். மூன்று கம்பி மேஜர் கார்டு வாசியுங்கள். நடுவில் இருக்கும் மூன்றாம் ஸ்வரம் அடையாளம் தெரிகிறதா, அல்லது உறுமலில் கரைந்துவிட்டதா? இதில் தேறும் ஆம்புகள் குறைவு.

எங்கே நின்று கேட்கிறோம் என்பதும் முக்கியம். 12 அங்குல ஸ்பீக்கர் ட்ரெபிளை டார்ச் வெளிச்சம்போல் நேராக மட்டுமே வீசும். ஆம்ப் தரையில், காது ஐந்தடி உயரத்தில் என்றால் ட்ரெபிள் முழங்காலோடு போய்விடும். போதவில்லை என்று நாபை ஏற்றுவீர்கள், எதிரில் உட்கார்ந்திருப்பவர் காதைப் பொத்துவார். இரண்டு மீட்டர் தள்ளி, காது ஸ்பீக்கர் உயரத்துக்கு வரும்படி குந்தி உட்கார்ந்து ஒருமுறை கேளுங்கள். இரண்டு ஆம்புகளை ஒப்பிடும்போது சத்தத்தைச் சமமாக்குங்கள், ஃபோனில் உள்ள டெசிபெல் மீட்டரே போதும். சற்றே சத்தமாக ஒலிப்பதைக் காது எப்போதும் நல்லது என்றே நினைத்துக்கொள்ளும்.

செகண்ட்ஹேண்ட் வாங்கினால்

ஹம் (மின் ரீங்காரம்) கேட்டால் முதலில் கிட்டார் வால்யூமை 0-வுக்கு இறக்குங்கள். நின்றுவிட்டால் அது பிக்கப்பின் ஹம். நிற்காவிட்டால் ஆம்பினுடையது. விளிம்பைத் தாண்டி வாசிக்கும்போது, வாசித்த நோட்டோடு சம்பந்தமில்லாத இன்னொரு நோட் நிழல்போல் கூடவே வந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் வயதாகிவிட்டன. 15, 20 ஆண்டு ஆன ஆம்பில் அவற்றை மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். சில நோட்களுக்கு மட்டும் கண்ணாடி நடுங்குவதுபோல் கிணுகிணு சத்தம் வந்தால், ஒரு பென்சிலின் ரப்பர் முனையால் ப்ரீஆம்ப் ட்யூப்களை ஒவ்வொன்றாக மெல்லத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் டங் என்று பலமாக எதிரொலிக்கும் ட்யூப்தான் குற்றவாளி. அதை மாற்றுவது எளிது. பவர் ட்யூபின் உள்ளே இருக்கும் சாம்பல் நிறத் தகடே சிவந்து ஒளிர்ந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பயாஸ் தவறியிருக்கிறது, அல்லது ட்யூப் செத்துக்கொண்டிருக்கிறது. நடுவில் தெரியும் ஆரஞ்சு நிற இழை ஒளிர்வது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ட்யூப் ஆம்பை ஸ்பீக்கர் இணைக்காமல் ஒருபோதும் ஓட்டக் கூடாது. போக வழியில்லாத சக்தி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலேயே உயர் வோல்டேஜாகத் திரும்பி, சுருளையோ ட்யூப் சாக்கெட்டையோ எரித்துவிடும். வெளி கேபினெட்டுக்குக் கிட்டார் கேபிளைப் போடுவதும் தவறு, மெல்லிய உள்வயர் அந்தக் கரண்டைத் தாங்காது, ஸ்பீக்கர் கேபிள்தான் வேண்டும். ஓம் கணக்கையும் பாருங்கள்: இரண்டு 16 ஓம் ஸ்பீக்கர் பேரலலில் 8 ஓம், இரண்டு 8 ஓம் பேரலலில் 4 ஓம். பின்னால் அச்சிட்டிருக்கும் வோல்டேஜ் உங்கள் வீட்டு வோல்டேஜ்தானா என்று பார்க்காமல் பிளக்கைச் செருகாதீர்கள். 120 வோல்ட் ஆம்பை 230 வோல்ட்டில் போட்டால் ஃபியூஸோடு போனால் அதிர்ஷ்டம்.

ஆம்பைத் திறந்து பார்க்கும் ஆசை வரும். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டர்கள் அதைப் பிடித்து வைத்திருக்கும். பின்பக்கப் பலகையைக் கழற்றி ட்யூபைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், சேசிஸை (சர்க்யூட் உள்ள உலோகச் சட்டம்) வெளியே எடுக்கும் வேலை தெரிந்தவருடையது.

வாங்கியதும் பையில் வைத்துக்கொள்ள: பின்னால் எழுதியிருக்கும் அதே ஆம்பியர் அளவில் இரண்டு ஃபியூஸ், ஒரு 12ஏஎக்ஸ்7, பொருத்தமான ஒரு ஜோடி பவர் ட்யூப். அடிக்கடி எரியும் ஃபியூஸுக்குப் பதில் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், அந்த ட்யூப் ஜோடியை மாற்றிப் பாருங்கள்.